ஒரு மாதம் பூட்டிவைத்தால் போதை தெளியுமா?

கேள்வி: என் மகனுக்கு வயது 23. அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத்தார் லோடு ஏற்றுகிறான். இடுப்பு வலிக்கென்று டேபென்டடால் மாத்திரை போட ஆரம்பித்தவன், இப்போது அதைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறான். மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் வைத்திருந்தோம். வந்த பத்தாம் நாளே மறுபடி தொடங்கிவிட்டான். போலீசில் சொல்லி உள்ளே வைத்தால் திருந்துவானா, டாக்டர்?

பதில்: வேண்டாம் அம்மா. சிறையோ பூட்டிய அறையோ, இந்த நோய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

வலியைத் தணிக்க நம் மூளையே சில பொருள்களைச் சுரக்கும். அவை போய் ஒட்டும் இடத்தில்தான் அபின், ஹெராயின், இந்த மாத்திரை எல்லாம் உட்காருகின்றன. போகப்போக மூளை பழகி, ஒன்று கேட்ட இடத்தில் ஐந்து கேட்கும். நிறுத்தினால் உடல் முறுக்கும், மூக்கு ஒழுகும், வயிறு போகும். ஒரு வாரம், பத்து நாளில் அது அடங்கும். ‘தெளிந்துவிட்டான்’ என்று அனுப்புவது இதைப் பார்த்துத்தான். ஏக்கம் அப்படி அடங்காது. பழைய கூட்டாளியை பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலே கிளம்பிவிடும்.

அந்த ஒரு மாதத்தில் போனது ஏக்கம் அல்ல, உடம்பின் தாங்கும் சக்தி. பழைய அளவையே ஏற்றினால் மூச்சு நின்றுவிடலாம். சிறையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில்தான் இந்தச் சாவுகள் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. உங்கள் மகன் தப்பியது அதிர்ஷ்டம். கண்பாவை குண்டூசி முனையாகச் சுருங்கி, மூச்சு மந்தமாகி, எழுப்பியும் எழாவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

மருந்து இருக்கிறது. பியூப்ரெனார்பின், நாக்குக்கு அடியில் கரையும் மாத்திரை. 2005-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ‘போதைக்குப் போதையா?’ என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள். அதே இடத்தில் ஒட்டினாலும் அரைகுறையாகத்தான் வேலை செய்யும். ஏக்கம் தணியும், ஓர் அளவுக்கு மேல் போதை ஏறாது. பிரான்சில் 1990-களின் நடுவில் சாதாரணக் குடும்ப டாக்டர்களையே எழுதிக்கொடுக்க விட்டார்கள். சில ஆண்டுகளில் அங்கே போதை மிஞ்சிச் சாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

நம் ஊரில் இதற்கென அனுமதி பெற்ற இடம் தேடிப் போக வேண்டும். லோடு வேலையை விட்டுவிட்டு அம்பையிலிருந்து பாளையங்கோட்டைக்கு எத்தனை நாள் பஸ் ஏறுவான்? தாலுகா ஆஸ்பத்திரியிலேயே கொடுக்கலாமே. புதிதாகப் பத்து மறுவாழ்வு மையம் திறப்பதைவிட அது மேல் என்பேன்.

சட்டமும் நீங்கள் நினைப்பதுபோல் இல்லை. 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு வைத்துச் சிக்கியவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. இதைச் சட்டம் தெரிந்தவர்களே எடுத்துச் சொல்வது அபூர்வம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பியூப்ரெனார்பின் பற்றி நேராகவே கேளுங்கள். 14446-இலும் விசாரிக்கலாம். கொடுத்தால் ஒரு மாதத்தில் நிறுத்தச் சொல்லாதீர்கள்; ஒரு வருடமோ மேலுமோ ஆகலாம். ஊசி போட்டவன் என்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி பரிசோதனை கட்டாயம். அப்புறம், அந்த இடுப்பு வலியையும் டாக்டரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள். அதற்கு வேறு வைத்தியம் உண்டு.