கேள்வி பதில்: நாடா இல்லாமல் பாதைக்குறி

கேள்வி: சிறுவர்களை இரண்டு குழுக்களாகக் காட்டுவழி நடைப்பயணம் அழைத்துச் செல்லவிருக்கிறோம். முன்னே செல்லும் குழு, பிளாஸ்டிக் நாடாவோ பெயின்டோ இல்லாமல், கல், குச்சி, புல் ஆகியவற்றாலேயே பின்னால் வருபவர்களுக்கு வழிகாட்ட முடியுமா? மரப்பட்டையைச் சீவி வைக்கலாமா?

பதில்: தாராளமாக வழிகாட்டலாம். சாரணர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் குறிகளே உங்களுக்குப் போதும். பெரிய கல்லின் மேல் சிறிய கல் இருந்தால் அதுவே பாதை. அதன் வலப்பக்கம் தரையில் இன்னொரு சிறு கல் இருந்தால் வலப்புறம் திரும்ப வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கற்கள் இருந்தால் அபாய எச்சரிக்கை. பெருக்கல் குறிபோலக் கிடக்கும் இரண்டு குச்சிகள், அவ்வழியே செல்லக் கூடாது என்பதைக் குறிக்கும். புல் அடர்ந்த இடத்தில் கல் கண்ணில் படாது என்பதால், அங்கே ஒரு கைப்பிடிப் புல்லைப் பிடுங்காமலேயே முடிச்சிட்டு, திரும்ப வேண்டிய பக்கமாக அதன் நுனியைச் சாய்த்துவிடலாம்.

எந்தக் குறியாயினும் அது தற்செயலாக விழுந்து கிடப்பதுபோல் தோன்றக் கூடாது. ஒடிந்த ஒற்றைக் குச்சி காட்டில் எங்கும் கிடக்கும். அதன் முனையில் இரு சிறு குச்சிகளைச் சேர்த்து அம்புக்குறியாக்கி, நடுவில் ஒரு கல்லையும் வைத்தால்தான் மனிதர் வைத்தது என்று பின்னால் வருபவர் நின்று பார்ப்பார். பாதை பிரியும் இடத்தில் ஒன்று வைப்பதோடு நில்லாமல், பிரிந்த வழியில் சற்றுத் தள்ளி மற்றொன்றையும் வைத்தால், சரியான வழியில்தான் வந்திருக்கிறோம் என்பது அவர்களுக்கு உறுதிப்படும். எல்லாக் குறிகளும் பாதையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். உற்சாகத்தில் சிறுவர்கள் கண்ட இடத்திலெல்லாம் கல் அடுக்குவார்கள். அதை மட்டும் தடுத்துவிடுங்கள்.

மரப்பட்டையைச் சீவவே கூடாது. இலைகள் தயாரிக்கும் உணவு பட்டையின் உட்புறத் திசு வழியாகவே வேருக்குச் செல்கிறது. காயம்பட்ட இடத்தில் பூஞ்சையும் பூச்சிகளும் நுழைந்துவிடும். மண்ணில் புதைந்த கற்களைப் பெயர்ப்பதும் வேண்டாம். அவற்றின் அடியில் சிற்றுயிர்கள் வாழ்கின்றன, பெயர்த்த இடத்தில் மண்ணும் அரிக்கும். ஏற்கெனவே கற்குவியல்கள் வழிகாட்டும் மலைப்பாதையாக இருந்தால், புதிதாக எதையும் அடுக்காதீர்கள். மூடுபனியில் வரும் வேறொருவரை அது தவறான சரிவில் இறக்கிவிடக்கூடும்.

கேள்வி: தரையில் மாவு தூவிக் குறியிடலாமா?

பதில்: குறுகிய நேரத்துக்கு மட்டும் உதவும். எறும்பும் பறவையும் தின்றது போக மிஞ்சியதை ஒரு தூறலே கரைத்துவிடும். சுண்ணாம்புத் தூள் கண்ணுக்குக் கேடு என்பதால் சிறுவர்களிடம் அதைக் கொடுக்க வேண்டாம். எதைக் கொண்டு குறியிட்டாலும், அதைக் கலைக்கும் பொறுப்பைக் கடைசியாக வரும் பெரியவர் ஒருவரிடம் புறப்படும்போதே ஒப்படைத்துவிடுங்கள்.