பட்டிமன்றத்துக்கு தியன் பியன் பூ சரியா வருமா? - பதில்

தம்பி, "போரை ஜெயிக்கறது வியூகமா வளமா"ல வியூகம் பக்கம் பேசணும், தியன் பியன் பூவை (வியட்நாம் மலைப்பள்ளத்தாக்கு ஒண்ணுல பிரெஞ்சுப் படைய வியட் மின்ங்கற வியட்நாம் விடுதலைப் படை தோற்கடிச்ச போர்) எடுத்தா 'வியட் மின்னுக்கு சீனா பீரங்கி குடுத்துச்சே'ன்னு எதிரணி மடக்கிடுவாங்கன்னு பயப்படுறீங்க. தாராளமா எடுங்க, ஆனா அந்த பீரங்கி விஷயத்த மறைக்காதீங்க, நீங்களே முதல்ல சொல்லிடுங்க.

1954ல பிரான்ஸ்கிட்ட விமானம் டாங்கி எல்லாம் இருந்துச்சு, வியட் மின்கிட்ட விமானமே கிடையாது, சுத்தியிருக்கற காட்டு மலைல கன பீரங்கிய ஏத்தி வைக்க முடியாதுன்னு பிரெஞ்சுக்காரங்க நம்புனாங்க, இவங்க கயிறு கட்டி ஆளுங்களாவே இழுத்துட்டுப்போய் மலைச்சரிவுல குழி தோண்டி ஒளிச்சு வச்சாங்க. அரிசி சைக்கிள்ல போச்சு, ஓட்டிட்டு இல்ல, ஹேண்டில்பார்ல நீளமா மூங்கில் கட்டி தள்ளிக்கிட்டே, ஒரு சைக்கிள்ல 200 கிலோ வரைக்கும்!

இத கண்டிப்பா சொல்லுங்க: ஜனவரில அடிக்க எல்லாம் ரெடி, வியட் மின் தளபதி ஜியாப் கடைசி நேரத்துல நிறுத்தி, உயிரக்குடுத்து ஏத்துன பீரங்கிய திரும்ப இறக்கச் சொன்னாரு. எவ்ளோ பெரிய முடிவு அது. மார்ச் 13தான் ஆரம்பிச்சாரு, மாசக் கடைசிக்குள்ள பிரெஞ்சு விமானம் இறங்கற ரன்வே உபயோகமில்லாம போச்சு, அப்புறம் பிரெஞ்சுப் படைக்கு பாராசூட்ல விழற சாமான்தான், அதுலயும் நிறைய எதிரி கைக்குப் போச்சு. மே 7 எல்லாம் முடிஞ்சுது.

வளம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு, எதிராளிக்கு அது போய்ச் சேர்ற வழிய யார் அடைச்சாங்கன்னு கேளுங்க. எதிரணி ஸ்டாலின்கிராட் (ரெண்டாம் உலகப்போர்ல சோவியத் ஜெர்மனிய ஜெயிச்ச போர்) எடுத்தா, 1942 நவம்பர் 19ல சோவியத் படை நேரா நகரத்துக்குள்ள மோதாம ருமேனியப் படை நின்ன பலவீனமான ஓரத்தப் பாத்து அடிச்சத சொல்லுங்க.