சிறைக்குச் செல்லும் புத்தகங்கள்

கேள்வி: அமெரிக்கச் சிறைகளில் உள்ள பெண்களுக்கும் திருநர்களுக்கும் தன்னார்வலர்கள் புத்தகங்கள் அனுப்புவதாக அறிந்தேன். சிறையிலேயே நூலகம் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: நூலகம் இருந்தாலும், அலமாரியில் உள்ளது வேறு, உள்ளிருப்பவர் தேடுவது வேறு. சிகாகோவில் 2002-இல் தொடங்கப்பட்ட குழுவைப் போன்றவற்றுக்குக் கைதிகள் கடிதம் எழுதித் தமக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள்; தன்னார்வலர் ஒருவர் அதைப் படித்து, நன்கொடையாக வந்த நூல்களில் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுத்து, கட்டணமின்றி அஞ்சலில் அனுப்புகிறார். அதிகம் கேட்கப்படுபவற்றுள் அகராதியும் ஒன்று. தன் வழக்கின் தாள்களைத் தானே படித்துப் புரிந்துகொள்ளவும், பிள்ளைக்குப் பிழையின்றிக் கடிதம் எழுதவும் விரும்பும் ஒரு தாய்க்கு அது எத்தகைய துணை என்று எண்ணிப் பாருங்கள். திருநங்கைகள் பலர் ஆண்கள் சிறைகளிலேயே அடைக்கப்படுவதால், அவர்களது வாழ்வைப் பேசும் நூல் அங்கே கிடைப்பது அரிது.

சிரமம் விதிகளில்தான் உள்ளது. கெட்டி அட்டை நூல்களைப் பல சிறைகள் ஏற்பதில்லை. சில சிறைகள் பழைய நூல்களையே மறுக்கின்றன. விதி சிறைக்குச் சிறை மாறுவதால், பொதியைக் கட்டும் முன் அந்தந்தச் சிறையின் விதியைச் சரிபார்த்தாக வேண்டும். இல்லையேல் புத்தகம் திரும்பி வந்துவிடும், கேட்டவர் காத்துக்கொண்டே இருப்பார்.