அப்பாவின் நுரையீரல் புற்றுநோய்: 'ஜீன்' என்றால் பரம்பரையா?

தங்கச்சி, அப்பாவின் நுரையீரல் புற்றுநோய் முள்ளந்தண்டுக்கும் பரவிவிட்டது, டொக்டர் 'ஜீன்' என்று ஏதோ சொன்னார், எங்களுக்கும் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். டொக்டர் சொன்ன 'ஜீன்', அதாவது மரபணு மாற்றம், பெரும்பாலும் கட்டியின் கலங்களில் இடையில் வந்த மாற்றம், பிள்ளைகளுக்குக் கடத்தப்படாது. பரம்பரையாக வருவதும் உண்டுதான், ஆனால் மிக அரிது.

சரி, ஏன் பரவியது? நுரையீரல் கலத்திலும் எலும்புக் கலத்திலும் ஒரே மரபணுக்கள்தான். மின்குமிழ்கள் மாதிரி எது எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். கலங்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பது ஈ-கட்ஹீரின் என்ற புரதம், கிடுகு வேலியை இறுக்கிய கயிறு மாதிரி. ஸ்நெயில், செப்1 போன்ற புரதங்கள் அதன் மரபணுவை அணைத்துவிடும். மரபணுவில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது, சும்மா அணைந்து கிடக்கும். கட்டு அவிழ்ந்த கலம் இரத்தத்தில் இறங்கி எலும்பு, மூளை, ஈரல் என்று போய்க் குந்தும். அங்கே பல வேளை அதே மரபணு திரும்ப எரியும். குடியேற ஒட்ட வேண்டுமே! எனக்கு ஆகவும் வியப்பு இதுதான்.

மரபணுவை எரிக்கும், அணைக்கும் இந்த ஆளிகளுக்கு (சுவிட்சுகளுக்கு) நேரடி மருந்து இன்னும் வழக்கத்தில் இல்லை. ஆனால் கட்டியிலிருந்து சோதனைக்கு எடுத்த பயொப்சித் துண்டில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுக்களைப் பார்த்தார்களா என்று தெல்லிப்பழை புற்றுநோய் கிளினிக்கில் கேளுங்கள். அவற்றில் மாற்றம் இருந்தால் அதற்கென்றே குளிசைகள் உண்டு.

இன்னொன்று. புற்றுநோய் முள்ளந்தண்டில் இருப்பதால், அப்பாவுக்குக் கால் விறைத்தாலோ, சலம் போகக் கஷ்டப்பட்டாலோ கிளினிக் நாள்வரை பார்த்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.