மோட்டருக்கும் பிளேட்டுக்கும் சுருதி சேரவில்லை

கேள்வி: பழைய பஸரில் கழற்றிய பியசோ வில்லையை (வளைந்தால் மின் தரும் தட்டு) இரும்பு அறுக்கும் வாள் பிளேட் ஒன்றில் ஒட்டி, கிணற்றடி பம்ப் மோட்டரில் இறுக்கினேன். பிளேட் 25 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. விரலால் சுண்டினால் சிவப்பு எல்.ஈ.டி. மினுங்குகிறது. மோட்டர் நல்லாய் அதிர்ந்தும் எரிவதே இல்லை. ஏன்?
– உயர்தர மாணவி, கோப்பாய்

பதில்: பிள்ளை, அதிர்வு போதாமல் இல்லை, சுருதிதான் சேரவில்லை. மோட்டரில் உள்ள பெயர்த்தகட்டைப் பாரும். என் வீட்டு மோட்டரில் 2850 என்று அடித்திருக்கிறது, நிமிடத்துக்கு அத்தனை சுற்று. 60 ஆல் பிரித்தால் 47.5 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு அத்தனை தரம். 25 சென்டிமீட்டர் நீட்டிய பிளேட்டோ விநாடிக்கு 8, 9 தரம்தான் ஆடும். இரண்டும் ஒத்தால்தான் பிளேட் பெரிதாய் ஆடும்.

பட்டத்துக்கு விண் கட்டியிருப்பீர்தானே? நாரை இழுத்துக் கட்டினால் கூவும், தளர்த்தினால் உறுமும். பிளேட்டிலும் விறைப்புக் கூடினால் அதிர்வெண் ஏறும், பாரம் கூடினால் இறங்கும். வெறும் பிளேட்டின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் 4 மடங்காகும். ஆகவே முதலில் பிளேட்டின் நீளத்தை 7 சென்டிமீட்டராகக் குறைத்துக்கொள்ளும். இப்போது அதிர்வெண் தேவைக்கு மேல் ஏறிவிடும். அப்புறம் நுனியில் ஒரு சின்ன போல்ட்டை நீளவாக்கில் எபொக்சி பசையால் ஒட்டி, இரண்டு நட்டுப் பூட்டும். நட்டு நுனிப்பக்கம் போகப் போக அதிர்வெண் இறங்கும். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, அரை அரைச் சுற்றாய் நட்டைத் திருகி ஒவ்வொரு தரமும் பாரும். திருகும்போது மோட்டர் நிற்கவேண்டும், மறக்காதேயும். வோல்ட் மிகக் கூடும் இடம் வந்ததும் இரண்டு நட்டையும் ஒன்றோடொன்று முட்டி இறுக்கும். இல்லாவிட்டால் அதிர்வே அவற்றைக் கழற்றிவிடும்.

எல்.ஈ.டி. ஒன்று மட்டும் போதாது. அது ஒரு பக்கம்தான் மின்னை விடும், வில்லையில் மின்னேற்றம் தேங்கிவிடும். இன்னொன்றைத் தலைகீழாகப் பக்கத்தில் பூட்டும்.

நான் ஒருமுறை அரை நாள் மினக்கெட்டுச் சுருதி பிடித்து, மகனையும் கூப்பிட்டுக் காட்டினேன். பின்னேரம் கரண்ட் போய் ஜெனரேட்டரில் போட்டால் ஒன்றுமே இல்லை! ஜெனரேட்டரின் ஹெர்ட்ஸ் லோடைப் பொறுத்து ஏறி இறங்கும், மோட்டரும் அதன் பின்னால் போகும். உருக்குப் பிளேட் 1 ஹெர்ட்ஸ் விலகினாலே படுத்துவிடும். ரப்பர் ஒட்டினால் கொஞ்சம் விலகினாலும் தாங்கும், ஆனால் உச்சம் குறையும். எனக்கு அந்த வியாபாரம் பிடிக்கவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் நுனியில் காந்தம் வைத்து, எதிரே இன்னொரு காந்தத்தைக் கிட்டவும் எட்டவும் நகர்த்தி விறைப்பை மாற்றுகிறார்கள். அடுத்த விடுமுறையில் அதைச் செய்து பாரும்.

கேள்வி: இதே முறையில் போன் சார்ஜ் பண்ணலாமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: வில்லை 0.1 மில்லிவாட் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன் பற்றரி 15 வாட்-மணி. மோட்டரை நிறுத்தாமல் ஓடவிட்டால் 17 ஆண்டில் நிறையும். உங்கள் கிணற்றில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதா?