வெள்ளிக்கிழமை மங்கிய நட்சத்திரம்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு பத்து பெரிங்கியில், கடலைப் பார்த்த மாதிரி இருக்கிறது. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நள்ளிரவு, மழை வருமோ என்று காய்ந்த துணியை எடுக்கப் போனேன். கார்த்திகைக்கு வடக்கே தினமும் நான் பார்க்கும் நட்சத்திரம் ஒன்று பாதிக்கு மேல் மங்கிக் கிடந்தது. மறுநாள் பழையபடி பளிச்சென்று இருந்தது. தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருக்கும் நேரத்தில் இது நல்லதில்லை என்கிறார் மாமியார். என் கண்ணில்தான் கோளாறா?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: உங்கள் கண்ணுக்கு ஒன்றும் இல்லையம்மா. நன்றாகவே பார்த்திருக்கிறீர்கள். கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நீங்கள் சொல்லும் இடத்தையும் நேரத்தையும் வைத்துப் பார்த்தால் அது அல்கோல். நமக்கு ஒரு புள்ளியாகத் தெரிந்தாலும் அங்கே ஒன்றையொன்று சுற்றும் இரண்டு நட்சத்திரங்கள் இருக்கின்றன. ஒன்று சூடும் வெளிச்சமும் மிகுந்தது. மற்றது உருவத்தில் அதைவிடப் பெரியது, ஆனால் வெளிச்சம் குறைவு. மங்கலானது குறுக்கே வந்து மற்றதைப் பெரும்பகுதி மறைக்கும்போது, நமக்கு வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. கிரகணம்தான், வேறொன்றும் இல்லை. மங்கத் தொடங்கி மறுபடி தெளிய ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். 2 நாள், 20 மணி, 49 நிமிடத்துக்கு ஒரு தடவை இது நடக்கும்.

உங்கள் மாமியாருக்கு இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். எந்த வாரத்தில் நாள் குறித்தாலும் அந்த வாரத்தில் இரண்டு தடவையாவது அது மங்கும். அது மங்காத வாரம் என்று பஞ்சாங்கத்தில் ஒன்று கிடையாது. அவரையும் குறை சொல்ல முடியாது. அரபு மக்கள் அதற்கு வைத்த பெயரே ‘பேயின் தலை’ என்றுதான் பொருள்படும். அப்புறம் இன்னொன்று. அது சுமார் 90 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது, அதாவது அதன் ஒளி நம்மிடம் வந்து சேரவே சுமார் 90 வருடம் ஆகும். நீங்கள் துணி எடுக்கும்போது பார்த்த கிரகணம் உங்கள் பாட்டி காலத்தில் நடந்து முடிந்தது.

நான் இதை முதலில் பார்த்தது தஞ்சோங் பூங்கா ஃப்ளாட்டின் ஐந்தாவது மாடி வராந்தாவில். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் வேலை. லீவு நாளிலும் தூக்கம் வராது. வராந்தா டியூப்லைட் கண்ணைக் கூசும், தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்பேன். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அரை மணிக்கு ஒரு தடவை மணியையும் வெளிச்சத்தையும் எழுதி, துணி கிளிப்பில் மாட்டி வைப்பேன். பல தாளில் ‘மேகம்’ என்ற ஒரே வார்த்தைதான். அந்த ஒரு தாளில் மட்டும் 9.30 ‘இடதுக்குச் சமம்’, 11.00 ‘குறைவு’, 12.30 ‘வலதைவிட மங்கல்’ என்று வரிசையாக இருக்கிறது. இன்றைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இடது, வலது என்றால் என்ன என்று கேட்பீர்கள். டிசம்பர் கடைசியில் இரவு பத்து, பத்தரைக்கு வடக்கே பார்த்து நில்லுங்கள். அல்கோல் பாதி வானத்துக்குச் சற்று மேலே நிற்கும். கையை நீட்டி முட்டி பிடித்தால், அதற்கு இடப்பக்கம் ஒரு முட்டிக்குக் கொஞ்சம் கூடுதலான தூரத்தில் இருப்பது அல்மாக். வலப்பக்கம் ஒரு முட்டி தூரத்தில் கொஞ்சம் மங்கலாக ஒன்று இருக்கும். சாதாரண நாளில் அல்கோல் இடப்பக்கத்து நட்சத்திரத்துக்குச் சமமாக இருக்கும். வலப்பக்கத்து நட்சத்திரத்தைவிடக் குறைந்துவிட்டால் கிரகணம் நடக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளி இரவு 12 மணிக்கு மிகவும் மங்கியிருந்தால், அடுத்த தடவை திங்கள் இரவு 8.49. அதற்கடுத்தது வியாழன் மாலை 5.38, நமக்கு வெயில் நேரம், விட்டுவிடுங்கள்.

இந்தக் கணக்கை முதலில் சரியாகப் போட்டவர் இங்கிலாந்தின் யார்க் நகரத்து ஜான் குட்ரிக். சிறு வயதிலேயே காது கேட்காமல் போன பையன். 1783-இல், 18 வயதில், இந்த நேர ஒழுங்கைக் கண்டுபிடித்து, இருண்ட ஒன்று குறுக்கே வருகிறதோ என்றும் எழுதினார். 21 வயதில் இறந்துபோனார். அவர் சொன்னது சரிதான் என்று ஜெர்மனியில் வோகல் என்ற வானியலாளர், நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்துப் பார்த்து உறுதி செய்தது 1889-இல். அந்தப் பையனும் உங்களைப் போலத்தான், பக்கத்து நட்சத்திரங்களோடு வெறும் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்தார்.

கேள்வி: சில வருடம் முன்பு திருவாதிரை மங்கியதும் இதே காரணத்தாலா?
– ஒரு வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: இல்லை. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது மங்கியதற்கு, அந்த நட்சத்திரமே வெளியே தள்ளிய வாயு குளிர்ந்து தூசியாகி மறைத்ததுதான் முக்கியக் காரணம். அல்கோல் போல அதற்கு மணிக்கணக்குச் சொல்ல முடியாது.