மொய் நோட்டைத் திறப்பதற்கு முன்

கேள்வி: நான் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவன். விடியும் முன்பே ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றி, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 78 நிமிடப் படம் ஒன்று எடுத்திருக்கிறோம். 5 லட்சம் செலவானது. கையில் இப்போது ஒன்றும் இல்லை. திரைப்பட விழாக்களுக்குக் கொண்டுபோக இன்னும் 4 லட்சம் வேண்டும் என்கிறார்கள். 40 விழாக்களின் பட்டியல் வைத்திருக்கிறேன். அக்கா தன் ஐந்து பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதை அடகு வைக்கலாமா, இல்லை ஊராரிடமும் இணையத்திலும் நிதி திரட்டலாமா?
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: அன்புள்ள தம்பி, சங்கிலியை அடகு வைக்காதீர்கள். விழாக்காரர்கள் பதில் சொல்ல மாதக்கணக்கில் ஆகும். வட்டி அதுவரை காத்திருக்காது.

உங்கள் 4 லட்சம் ஒரே தொகை இல்லை. படத்தை முடிக்கும் பணம், அனுப்பும் பணம், போய்வரும் பணம் என்று மூன்று தொகைகள் அதில் இருக்கின்றன. மூன்றும் ஒரே நாளில் தேவைப்படாது. முதலாவதை மட்டும் இப்போது தேடுங்கள்.

படம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஒலியைச் சரிசெய்தாயிற்றா? திரையரங்கில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி, அதாவது டிசிபி தயாரா? அதை ஒரு நிஜத் திரையரங்கில் காலைக் காட்சிக்கு முன் பத்து நிமிடமாவது போட்டுப் பார்த்தீர்களா? பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு ஒலித்தால்கூட அதற்கு உரிமை வாங்கியாக வேண்டும். எல்லாவற்றையும்விட, சப்டைட்டில். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். என் குறும்படத்தில் ஒரு தாய், இறந்த மகனைப் பார்த்து “என்னப் பெத்த ராசா” என்று அழுவாள். அவசரத்தில் அதை “என்னைப் பெற்ற அரசனே” என்று ஆங்கிலத்தில் வார்த்தைக்கு வார்த்தை போட்டுவிட்டோம். திரையிடல் முடிந்ததும் ஒரு பார்வையாளர் என்னிடம் வந்து, “இறந்துபோனது அந்த அம்மாவின் அப்பாவா?” என்று அக்கறையோடு கேட்டார். என் படம் அந்த ஒரு வரியில் அவருக்குக் கைநழுவிப் போயிருந்தது. உங்கள் படத்துப் பெண்கள் தோட்டத்துப் பேச்சுதானே பேசுவார்கள்? தமிழும் ஆங்கிலமும் நன்றாக அறிந்த ஒருவருக்குக் கூலி கொடுத்து எழுதி வாங்குங்கள்.

அடுத்தது, அந்த 40 விழாக்கள். நுழைவுக் கட்டணம் விழாவுக்கு 50 டாலர் என்று வைத்தாலே 2,000 டாலர் போய்விடும். பட்டியலைப் பத்தாகக் குறையுங்கள். மாதாமாதம் விருது அறிவித்து, கோப்பையையும் சான்றிதழையும் விலைக்கு விற்கும் பெயரளவு விழாக்களை முதலில் அடித்துவிடுங்கள். விருதின் அடையாளமாக அவை தரும் இலைவளைய முத்திரைகளைச் சுவரொட்டியில் எத்தனை ஒட்டினாலும் தேர்வுக் குழுவினர் ஏமாறுவதில்லை. மீதியில் பெரிய விழாக்களுக்கு முதலில் அனுப்புங்கள். வேறெங்கும் காட்டாத படம்தான் வேண்டும் என்று பல போட்டிப் பிரிவுகளில் விதி இருக்கிறது. சிறிய விழா ஒன்றில் அவசரப்பட்டுத் திரையிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். முன்கூட்டியே அனுப்பினால் பல விழாக்களில் கட்டணம் குறைவு. கட்டண விலக்குக் கேட்டு நான்கே வரியில் ஒரு மின்னஞ்சலும் எழுதுங்கள். எல்லோரும் தர மாட்டார்கள், ஆனால் தருபவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இனி, யாரிடம் கேட்பது. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ‘ஒடேசா’ திரைப்படக் குழு நண்பர்களும் கேரளத்தில் ஊர் ஊராகப் போய் மக்களிடம் காசு திரட்டித்தான் ‘அம்ம அறியான்’ படத்தை 1986-இல் முடித்தார்கள். 2013-இல் வந்த கன்னட ‘லூசியா’வுக்கு, இணையத்தில் விடுத்த அழைப்பைப் பார்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். அந்தப் பணமெல்லாம் படம் எடுப்பதற்கு வந்தது. விழா நுழைவுக் கட்டணத்துக்கு என்று கேட்டால் யாருக்கும் கை நீளாது. ஆகவே பொருளைச் சொல்லிக் கேளுங்கள்: “டிசிபிக்கு இவ்வளவு, சப்டைட்டிலுக்கு இவ்வளவு.” ஸ்டுடியோவின் விலைப்பட்டியலைக் காட்டுங்கள்.

நம் பக்கத்து மொய் நோட்டு உங்களுக்குத் தெரியும். பெயர், ஊர், தொகை. அதேபோல ஒரு நோட்டுப் போடுங்கள். எதிர்ப்பக்கத்தில் செலவை எழுதிக்கொண்டே வந்து, மாதம் ஒருமுறை கொடுத்த எல்லோருக்கும் படம் பிடித்து அனுப்புங்கள். ஆனால் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்றுதான் ஊர் நினைக்கும். இது திரும்பி வராத பணம் என்பதை வாங்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். ஜீப் ஓட்டுநர்கள், தோட்டத்துப் பெண்களின் பிள்ளைகள், படித்துவிட்டு வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்கள் ஆகியோரிடம் தொடங்குங்கள். பத்து நிமிடத் துண்டை மட்டும் போட்டுக் காட்டுங்கள். முழுப் படத்தையும் பொதுவில் காட்டினால், மேலே சொன்ன விதி உங்களையே தடுக்கும்.

லாபத்தில் பங்கு தருவதாக யாரிடமும் சொல்லாதீர்கள். அது வேறு சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும். உறவினர் அல்லாதவர்கள் தரும் நன்கொடை ஓராண்டில் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். வெளிநாட்டுக் குடிமக்களோ அமைப்புகளோ பணம் தர முன்வந்தால், ஆடிட்டரைக் கேட்காமல் ஒரு ரூபாயும் வாங்காதீர்கள்.

போய்வரும் பணத்தைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். தேர்வுக் கடிதம் வந்த பிறகு, பயணச் செலவையும் தங்குமிடத்தையும் தருவீர்களா என்று விழாவிடமே முதலில் கேளுங்கள். அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் மற்றவர்களிடம் இரண்டாவது முறை போக முடியும். அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ 2020-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில், ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருது பெற்றது. அடுத்த ஆண்டே வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அங்கே முதன்மை விருதான டைகர் விருதை வென்றது. நம் மண்ணின் சிறிய படங்களுக்கு அங்கே இடம் இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வெளிநாடு அமையாவிட்டாலும், வழக்கமாக டிசம்பரில் நடக்கும் திருவனந்தபுரம் திரைப்பட விழா உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். உங்கள் படத்தின் பாதிக் கதையும் அந்த மாநிலத்தில்தான் நடக்கிறது. அதைப் பட்டியலில் மேலே எழுதுங்கள்.

சங்கிலியை இன்றைக்கே அக்காவிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சப்டைட்டில் முடிந்ததும் பத்திரிகை முகவரிக்கு அனுப்புங்கள். நான் வரி வரியாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.